பில் வாரியாகக் கேட்பது

காமயகவுண்டன்பட்டி

ஜூன் 2, 2025, திங்கள்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கணக்கை முடித்துக் கட்டும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. நாசிக் பக்கம் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. அறுப்பு முடிந்ததும் கொடுக்கல் வாங்கலையும் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே கே.கே.பட்டி, சுருளிப்பட்டி, ஆனைப்பட்டிப் பந்தல்களில் ஒரு தோட்டம் கவாத்தில் இருக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுப்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழத்துக்கு இது பெருமைதான். பழத்துக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் எனக்கோ வருஷம் முழுக்கப் பழம் என்றால் வருஷம் முழுக்கப் பற்று. பழைய பில்லுக்குப் பணம் கேட்கப் போனால் புது ஆர்டரைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இன்று எல்லாப் பாக்கியையும் பில் வாரியாகப் பிரித்து எழுதினேன். மொத்தமாக இவ்வளவு நிற்கிறது என்று கேட்டால், "கணக்குப் பார்த்துச் சொல்றோம்" என்பார்கள். இந்தத் தேதி, இந்த வண்டி, இத்தனை பெட்டி, இறக்கி வாங்கியவர் கையெழுத்து இது என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பணம் வரும்போதும் இது உதவும். எந்தப் பில்லுக்கு என்று கொடுப்பவர் சொல்லாவிட்டால், எதில் வரவு வைப்பது என்று வாங்குபவரே முடிவு செய்யலாம் என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். மிகப் பழைய பில்லில்தான் வரவு வைக்கிறேன். மூன்று வருஷம் கடந்த பாக்கிக்கு வழக்குப் போட முடியாது.

ஜூன் 4, புதன்

கம்பத்தில் ஒரு பழ கம்பெனி. தை மாதம் இறக்கிய பெட்டிக்கு இன்னும் பணம் வரவில்லை. மேனேஜர் தம்பி தன்மையாகத்தான் பேசினான். "அண்ணே, சனிக்கிழமை வாங்க, முடிச்சு விட்டுருவோம்." எந்தச் சனிக்கிழமை என்று கேட்டதும் பேச்சு மாறியது. "உங்க பெட்டி ஈரத்துல அடி விட்டுருச்சுண்ணே. அதான் ஆபீஸ்ல பில்லை நிறுத்தி வச்சிருக்காங்க."

தையில் இறக்கிய சரக்குக்கு வைகாசியில் குறை சொல்கிறார்கள். 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. சரக்கில் குறை இருந்தால் இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. இதைச் சொன்னேன். "சட்டம் பேசாதீங்கண்ணே, நமக்குள்ள என்ன" என்றான்.

இந்த "நமக்குள்ள" என்ற சொல்லில்தான் பாதிப் பேர் மடங்கிப்போகிறோம். கல்யாணத்தில் பார்க்கிற முகம், சுருளி அருவியில் பார்க்கிற முகம், எப்படி அழுத்திக் கேட்பது என்ற தயக்கம். என் பட்டறையில் பின் அடிக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அவர்களும் எனக்கு வேண்டியவர்கள்தான். அவர்களிடம் போய் அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிகிறது. தாமதமாகும் ஒவ்வொரு பில்லும் கடைசியில் அந்த வீடுகளில் போய்த்தான் நிற்கிறது.

ஜூன் 6, வெள்ளி

ரிசர்வ் வங்கி இன்று ரெப்போவை 5.50 சதவீதமாகக் குறைத்தது. கூடவே பேங்க் ரேட்டும் 5.75 ஆனது. இது என் பட்டறையைத் தொடும் செய்தி. அதே 2006 சட்டப்படி, சரக்கு வாங்கியவர் பணம் தர எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள் கெடு, இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. இன்றைய கணக்கில் 17.25 சதவீதம். ஒரு லட்சம் ஒரு வருஷம் நின்றால் 18,600 ரூபாய்க்கு மேல்.

பெரிய தண்டனைபோலத் தெரியும். ஆனால் அட்டை ஷீட் வாங்க இங்கே ரெண்டு வட்டிக்குப் பணம் புரட்டினால் வருஷத்துக்கு 24 சதவீதம். ஆக, வெளியில் கடன் வாங்குவதைவிட என் பணத்தை நிறுத்தி வைப்பதே கம்பெனிக்கு மலிவு. அந்த 17.25-ஐயும் நம்மில் யார் கேட்டு வாங்குகிறோம்? பிரிட்டனிலும் 1998 முதல் இப்படி ஒரு வட்டிச் சட்டம் உண்டு. அங்கும் தாமதம் ஒழியவில்லை. கேட்டு வாங்காத வட்டியால் யாரும் திருந்துவதில்லை.

ஜூன் 9, திங்கள்

மைத்துனர் வந்திருந்தார். உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். "மாப்ள, இந்த வட்டி எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்காது. 2021-இல் வியாபாரிகளையும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். பொருள் செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு.

அதைவிட வருத்தம், திராட்சை போடும் விவசாயி இதில் எங்குமே இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அதிகமாகக் கடன் கொடுத்து நிற்பவர் அவர்தான். பழத்தை வண்டியில் ஏற்றிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார். அவருக்கு 45 நாள் கெடுவும் இல்லை, கூட்டு வட்டியும் இல்லை. அவர் பழத்தைச் சுமக்கும் பெட்டிக்கு இருக்கும் பாதுகாப்பு பழத்துக்கு இல்லாதது அநியாயம். சட்டத்தைத் திருத்தத்தான் வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

மேனேஜரை விட்டுவிட்டு அந்த கம்பெனியின் கணக்குப் பார்ப்பவரிடம் பேசினேன். குரல் உயர்த்தவில்லை. இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-லும் நின்றால், அந்த வருஷக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் கழிக்கலாம். இரண்டு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். தை மாதப் பில்லுக்கு அந்தக் கெடு ஜூலையில் முடிகிறது. "பில் நம்பரை வாட்ஸாப்ல போடுங்க சார்" என்றார். முதல் தடவையாக ஒருவர் பில் நம்பர் கேட்டார்.

43பி(எச்) வந்தபோது சூரத் ஜவுளி வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பதிவு இல்லாதவர்களிடம் ஆர்டர் போய்விடும் என்ற பயம் பல ஊர்ச் சிறு தொழில்காரர்களுக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் பணம் தராத ஆர்டர் கைவிட்டுப் போவதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜிஎஸ்டி கட்டினேன். வராத பணத்துக்கும் பில் போட்ட கணக்கில் வரி கட்டியாகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியிலிருந்து பாதிப் பணம் வந்தது. மீதியைத் தருவதாக லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாய்வார்த்தையைவிட இது பலமானது. வழக்குப் போடும் கெடு முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும்.

மீதியும் வராவிட்டால் மதுரையில் உள்ள குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்குப் போவேன். 2017-இல் தொடங்கிய சமாதான் இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது, நடப்பில் இழுக்கும். தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். அதனால் வீம்புக்கு அப்பீல் போவது குறையும்.

ஜூன் 28, சனி

பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி, பணம் முடங்கிய பிறகு உத்யமில் பதியலாமா என்று கேட்டான். பதிவுக்கு முந்திய சரக்குக்கு 2006 சட்டத்தின் பலன் இல்லை என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. இந்த ஜனவரியில் இதே கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. அது முடியும்வரை காத்திருக்காதீர்கள். பதிவுக்குக் காசு கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். அடுத்த சரக்கை ஏற்றும் முன் பதிந்துவிட்டு, அந்த எண்ணையும் பணம் தரவேண்டிய தேதியையும் பில்லிலேயே அச்சடித்துக் கொடுங்கள்.