12 பேருக்குப் பொங்கல்

ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து நீங்க எப்பவாவது பொங்கல் கிண்டியிருக்கீங்களா? நான் கிண்டியிருக்கேன். போன லீவுல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில 6 வாரம் இன்டர்ன்ஷிப். அதோட கடைசி நாள் அன்னிக்குத்தான் இந்தக் கூத்து.

முதல்ல காரணத்தைச் சொல்லிடறேன். ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. 8 மணிக்கு 20 நிமிஷம் டிஃபன் பிரேக். எங்க அசெம்பிளி லைன்ல எல்லாருமே அக்காங்கதான். காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து கம்பெனி பஸ்ஸுல வருவாங்க. பஸ் நாலரைக்கு. அதுக்கு முன்னாடியே எழுந்து வீட்டுக்குச் சமைச்சு வச்சுட்டு, தனக்கு ஒரு டப்பா கட்டிக்கிட்டு வரணும். கேன்டீன்ல டப்பாவைத் திறந்ததும் மூடிகள் சுத்த ஆரம்பிக்கும். ஒரு மூடியில புளிச்சோறு, இன்னொண்ணுல தக்காளி சாதம், இன்னொண்ணுல நேத்து வச்ச மீன் குழம்பு. டோக்கன் இட்லியோட உட்கார்ந்திருக்கிற எனக்கும் தினமும் ஒரு மூடி வரும். "சார், எடுத்துக்குங்க."

சார்! எனக்கு 21 வயசு. டார்க் ரென்ச்சை எப்படிப் பிடிக்கணும்னே அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. 6 வாரம் அவங்க சோத்தைச் சாப்பிட்டுட்டு, போகும்போது ஒரு பாக்கெட் ஸ்வீட்டை நீட்டிட்டு வர மனசு கேக்கலை. ஒரு வேளை டிஃபனாவது நம்ம கையால செஞ்சு போடணும்னு முடிவு பண்ணேன்.

ஆள் கணக்கு எடுத்தேன். லைன்ல 10 ஸ்டேஷன், ஒரு லைன் லீடர் அக்கா, நான். மொத்தம் 12.

அம்மாவுக்கு போன் போட்டேன். "கண்ணளவு, கையளவு" எல்லாம் வேண்டாம், கிராம்ல சொல்லுங்கன்னு கேட்டேன். அரை கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, அளந்த படிக்கு 5 மடங்கு தண்ணி. பருப்பை வாசம் வர்ற வரைக்கும் வறுக்கணும். குக்கர்ல பாதிக்கு மேல போகக் கூடாது, பருப்பு நுரைச்சு வந்து ஆவி போற வழியை அடைச்சுக்கும். அதனால ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட ஏழரை லிட்டர் குக்கர் கடன் வாங்கி ரெண்டு தடவையா வச்சேன். நெய்யில மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி. தேங்காய் சட்னி அவ்வளவு நேரம் தாங்காதுன்னு கத்திரிக்காய் கொத்சு.

ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சு க்ளியர் பண்ணவன் நான். ஆனா அந்தப் பேப்பர் அன்னிக்குத்தான் உருப்படியா உதவுச்சு. ஹாட் பாக்ஸ்ல முதல்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தி 5 நிமிஷம் வச்சேன். அப்போதான் பொங்கலோட சூட்டை டப்பா குடிக்காது. காலி இடம் விடாம விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். 60 டிகிரிக்குக் கீழே ரொம்ப நேரம் இருந்தா கிருமி பெருகும். 12 பேர் வயித்தோட விளையாட முடியாது இல்லையா?

8 மணிக்கு கேன்டீன்ல மூடியைத் திறந்தேன். ஆவி பறந்துச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு கரண்டியைப் போட்டேன். கரண்டி அப்படியே நட்டுக்கிட்டு நின்னுச்சு. அரிசி தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும், சூடு குறையக் குறைய ஸ்டார்ச்சும் இறுகும். மூணு மணிக்குப் பாயசம் மாதிரி இருந்தது, இப்போ மொத்தையா உறைஞ்சு கிடந்துச்சு.

"சார் நமக்கு கான்கிரீட் போட்டுட்டு வந்திருக்காரு"ன்னு லைன் லீடர் அக்கா சொன்னதும் டேபிளே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் அவங்க சுத்திப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிடலையா?"

திரும்பிப் பார்த்தேன். கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல தனி டேபிள்ல உட்கார்ந்திருந்தாங்க. "எனக்கு வேணாம்மா, வீட்லயே சாப்பிட்டேன்"னாங்க. அவங்களும் அதே நாலரை மணி பஸ்தான்.

கிராம், லிட்டர், டிகிரி எல்லாம் கணக்குப் போட்டவன் அவங்களைக் கணக்குல சேர்க்கலை. வேணும்னு விடலை. ஞாபகமே வரலை, அதுதான் இன்னும் மோசம். தினமும் என் ஸ்டூலை நகர்த்திப் பெருக்கிட்டு, திரும்ப அதே இடத்துல வச்சுட்டுப் போறவங்க. யோசிச்சுப் பார்த்தா, மூடி சுத்தும்போது ஒரு மூடி எப்பவும் அந்த டேபிளுக்குப் போகும். 6 வாரமா அது என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு.

லைன் லீடர் அக்கா என்னை ஒண்ணும் சொல்லலை. கேன்டீன்ல இருந்து ஒரு ஜக் வெந்நீர் கொண்டு வந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கரண்டிக் காம்பால குத்திக் கிளறினாங்க. பொங்கல் இளகுச்சு, நெய் வாசம் எழுந்துச்சு, அளவும் கூடுச்சு. 13 தட்டுக்குத் தாராளமா வந்துச்சு.

முதல் தட்டை நான் எடுத்துட்டுப் போனேன். "அக்கா, உங்களையும் சேர்த்துத்தான் செஞ்சேன்"னு சொன்னேன். அவங்க வீட்ல சாப்பிட்டது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை அதுவும். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துட்டு, "நல்லாருக்கு தம்பி. உப்புதான் ஒரு கல்லு கம்மி"ன்னாங்க. வெந்நீர் ஊத்தினா உப்பு குறையத்தானே செய்யும்! கேன்டீன்ல இருந்து உப்பு எடுத்துட்டு வந்து கொடுத்துட்டு, எதிர்ல உட்கார்ந்து நானும் அங்கேயே சாப்பிட்டேன்.

இந்த செமஸ்டர் இன்டர்ன்ஷிப் போறவங்க யாராவது இதைச் செய்யறதா இருந்தா, என் தப்பைத் திருத்திக்கிட்டுச் செய்யுங்க. தண்ணி 6 மடங்கு வைங்க, டப்பாவுல போடும்போது கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும். அதுக்கு ஏத்த மாதிரி உப்பையும் பார்த்துக்குங்க. ஆள் கணக்கு எடுக்கும்போது உங்க டேபிள்ல உட்கார்ந்திருக்கிறவங்களோட நிறுத்திடாதீங்க. எழுந்து நின்னு ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு எண்ணுங்க.