பட்டைக்குள் பச்சை

ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் விமானம் ஏறுகிறார்கள். மஞ்சள் டாஃபடில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் செர்ரிப் பூக்கள், வரிசை பிடித்து நிற்கும் துலிப். 2023 ஏப்ரலில் நான் போனபோதும் அவையெல்லாம் இருந்தன. ஆனால் லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே வட்டாரத்துச் சிற்றூர்களில் நடந்தபோது முதலில் கண்ணில் பட்டது வேறொன்று.

வீட்டுக்கு வீடு வாசலோரத்தில் ஒரு பழுப்புச் செடி நின்றது. தீயில் வாட்டியதுபோல் இலைகள் சுருண்டு, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சில வீடுகளில் செடி நின்ற இடத்தில் புதிதாகத் தோண்டிய குழி. பக்கத்தில் குப்பை வண்டிக்காகக் கட்டி வைத்த சுள்ளிகள். வசந்தத்தைப் பார்க்கப் போன எனக்கு, அந்த மூன்று வாரமும் குளிர்காலம் விட்டுச்சென்ற சேதத்தைப் பற்றிய பேச்சே அதிகம் காதில் விழுந்தது.

ஒரே ஆண்டில் இரண்டு அடி

2022ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தோட்டங்களுக்குப் பொல்லாத ஆண்டு. ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷியரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. பிரிட்டனில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியது அன்றுதான் முதல்முறை. வறட்சியில் புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. அதன்பின் வந்த இலையுதிர் காலமோ இதமாக இருந்தது. நவம்பரிலும் பெரிய குளிர் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தின் முடிவில் திடீரென வடக்கிலிருந்து உறைகுளிர் இறங்கியது. ஒரு வாரத்துக்கும் மேல் விலகவில்லை. ஸ்காட்லாந்தின் பிரேமாரில் டிசம்பர் 13ஆம் தேதி மைனஸ் 17.3 டிகிரி. நம் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டுக் குளிர் ஏறக்குறைய அதுதான். லண்டனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பனி கொட்டியது.

குளிர்நாட்டுச் செடிகளுக்குக் குளிர் பழகியதுதானே என்று நமக்குத் தோன்றும். பழகுவதற்கு அவற்றுக்கும் நேரம் வேண்டும். பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் உணர்ந்து, வளர்ச்சியை நிறுத்தி, திசுக்களில் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு, அவை மெல்ல மெல்லத் தங்களைத் தயார் செய்கின்றன. இதமான நவம்பர் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. இளந்தளிரோடு நின்ற செடிகள் நேராக உறைபனியில் மாட்டிக்கொண்டன.

உறைபனி செடியைக் கொல்லும் விதம் விசித்திரமானது. முதலில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகிறது. அது உயிரணுவுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. உள்ளே நீர் வற்றி, உயிரணுவின் சவ்வு கெட்டுப்போகிறது. இன்னொரு பக்கம், மண்ணும் உறைந்துபோவதால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எப்போதும் இலையோடு நிற்கும் செடிகளோ வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஆக, குளிரில் கருகிய செடி பாதி தாகத்தில் கருகிய செடிதான்.

அத்தையின் தோட்டம்

நான் தங்கியிருந்தது அத்தை வீட்டில். பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, 1970களில் தாதிமைப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து அப்படிப் போன பெண்கள் நிறைய. ஓய்வுபெற்ற பின்னும் அங்கேயே இருக்கிறார். மாமா காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில்.

வீட்டின் பின்பக்கம் பெரிய அறை அளவுக்கு ஒரு தோட்டம். மதிலை ஒட்டி, கலிஃபோர்னியாவைப் பூர்வீகமாகக் கொண்ட சியனோதஸ். மே மாதத்தில் செடி முழுக்க நீலமாகப் பூக்கும். மாமா ஓய்வுபெற்ற ஆண்டு நட்டது. அதற்கு முன்னால் நியூசிலாந்தின் ஹீபி இரண்டு, ஒரு கோர்டிலைன். நம் வீட்டு வாசல்களில் சிவப்பு இலையோடு நிற்குமே ஜென்ஜுவாங், அதன் உறவுக்காரச் செடி. சமையலறைப் பக்கம் ரோஸ்மேரியும், நம் பிரியாணி இலையின் குடும்பத்தைச் சேர்ந்த பே மரமும். வேலியோரம் ஃபுஷியா, ஹைட்ரேஞ்சியா. கறிவேப்பிலை மட்டும் தொட்டியில். அக்டோபர் வந்ததும் அது வீட்டுக்குள் போய்விடும். மே கடைசியில்தான் வெளியே வரும்.

நான் போனபோது ஹைட்ரேஞ்சியாவைத் தவிர எல்லாமே பழுப்பு. புல் வெட்ட வருகிறவர் பிப்ரவரியிலேயே, "எல்லாம் போய்விட்டது, ஒரே நாளில் தோண்டிச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அத்தை சம்மதிக்கவில்லை. "பிப்ரவரியில எந்தச் செடியையும் செத்துப்போச்சுன்னு சொல்லக் கூடாதும்மா. ஜூன் வரைக்கும் பாக்கணும்" என்றார். அவர் பார்வை சியனோதஸ் பக்கம் போய்த் திரும்பியது.

நகம் சொல்லும் சேதி

மறுநாள் காலை அத்தை எனக்கு அந்தச் சோதனையைச் செய்து காட்டினார். மெல்லிய கிளை ஒன்றின் நுனியில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்த இடம் இறந்துவிட்டது. உடனே கத்தரியைத் தேடக் கூடாது. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி சுரண்ட வேண்டும். இப்படியே அடிவரைக்கும் போகலாம். நுனியில் செத்து நடுவில் உயிரோடு இருக்கும் கிளைகள் உண்டு. மேலே முழுக்கச் செத்து, மண்ணுக்கடியில் வேர் மட்டும் உயிரோடு இருக்கும் செடிகளும் உண்டு.

"இது உன் பாட்டி சொல்லிக்கொடுத்ததுதான். மரத்தோட உயிரு பட்டைக்கு அடியில இருக்குன்னு பால்மரம் வெட்டுனவங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல" என்றார் அத்தை.

உண்மைதான். பால்மரம் வெட்டுவதன் நுட்பமே அதில்தான் இருக்கிறது. பால் வரும் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் புதுப்பட்டை சரியாக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். நகத்தால் சுரண்டும்போது கண்ணில் படும் பச்சை, அந்தப் படலம் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். ஆண்டுக்கொரு முறை பால்மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்று, சில வாரங்களில் மறுபடி தளிர்ப்பதையும் நம் தோட்டப்புறத்து மக்கள் பார்த்தே வளர்ந்தவர்கள். மொட்டை மரத்தைப் பட்ட மரம் என்று அவர்கள் சொல்வதில்லை.

அந்தப் பால்மரமும் இங்கிலாந்து வழியாக நமக்கு வந்ததுதான். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகச் சில. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. குளிர்நாட்டில், கண்ணாடிக் கூரையின் கீழ் பிழைத்த கன்றுகளே பிற்பாடு நம் முன்னோரைக் கப்பல் ஏற வைத்தன.

விஸ்லியில் ஒரு நாள்

ஒரு சனிக்கிழமை அத்தையோடு விஸ்லி தோட்டத்துக்குப் போனேன். 1804இல் தொடங்கப்பட்ட அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அது. சர் தாமஸ் ஹான்பரி 1903இல் சங்கத்துக்கு வழங்கிய நிலம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வோக்கிங். அங்கிருந்து சில மைல்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. பூக்களைப் பார்க்கப் போனாலும் அரைநாளாவது ஒதுக்குவது நல்லது.

அங்கே 2007இல் திறந்த பெரிய கண்ணாடி இல்லம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் நம் ஊர்ப் புழுக்கம். நமக்குப் பழக்கமான வெப்பமண்டலச் செடிகள். சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில் மலர்க் குவிமாடத்துக்குள் ஒலிவ மரத்துக்குக் குளிரூட்டுகிறோம். இவர்கள் நம் செடிகளுக்குச் சூடேற்றுகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது செடி விற்கும் பகுதி. சங்கம் ஒவ்வொரு செடிக்கும் குளிர் தாங்கும் தரம் ஒன்றைக் கொடுக்கிறது. எச்1 என்றால் குளிர்காலத்தில் கண்ணாடி இல்லத்துக்குள்தான். எச்3 என்றால் மைனஸ் 5 வரை. எச்4 மைனஸ் 10 வரை. எச்7 என்றால் மைனஸ் 20க்குக் கீழேயும் தாங்கும். அத்தையின் கோர்டிலைன் எச்3, சியனோதஸ் எச்4. கணிசமான பகுதிகளில் குளிர் அந்த எல்லையை உரசிய வாரம் அது. ஈரம் தேங்கும் மண்ணிலும், வாடைக்காற்று நேராக அடிக்கும் மூலையிலும் நிற்கும் செடிக்கு, எழுதிய எண்ணை நம்பியும் பயனில்லை.

மீட்பது எப்படி?

அத்தை செய்ததையும், அங்குள்ள தோட்டக்காரர்கள் பொதுவாகக் கடைப்பிடிப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் வீடு வாங்கியிருப்பவர்களுக்கு உதவலாம்.

முதல் வேலை, எதையும் வெட்டாமல் இருப்பது. கருகிய இலைகளும் கிளைகளும் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அடியிலிருக்கும் மொட்டுகளுக்கு அவைதான் போர்வை. சீக்கிரம் வெட்டினால் செடி அவசரமாகத் தளிர்விடும். இங்கிலாந்தில் மே மாதத்திலும் வரக்கூடிய பின்பனி அந்தத் தளிரைக் கொன்றுவிடும். ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்துகளை வசந்தம் வரை விட்டுவைப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது மண். உறைந்து உருகும் மண், அண்மையில் நட்ட செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். காலால் மெதுவாக மிதித்து இறுக்கிவிட வேண்டும்.

பின்பனி அபாயம் நீங்கிய பிறகு கவாத்து. நகத்தால் சுரண்டிப் பச்சை கண்ட இடத்துக்கு இறங்கி, உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே கூர்மையான கத்தரியால் வெட்ட வேண்டும். கோர்டிலைனின் தண்டு அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். கெட்டியான பகுதி வரும்வரை வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதுக்கன்று வரக்கூடும். ரோஸ்மேரி, லாவெண்டர் போன்றவை மட்டும் விதிவிலக்கு. பழைய கட்டையில் வெட்டினால் அவை பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஒட்டுப்போட்ட ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரைக் கண்டு மகிழ வேண்டாம். அது அடிக்கன்றின் தளிர். நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல.

பிறகு மெல்லக் கரையும் உரம் கொஞ்சம், அடித்தண்டைத் தொடாமல் மக்கிய இலைப்போர்வை, மழையில்லாத வாரங்களில் தண்ணீர். கோடைக் கடைசியில் உரம் கூடாது. அப்போது வரும் இளந்தளிர் அடுத்த குளிருக்கு இரையாகிவிடும். இவ்வளவும் செய்தபின் மிச்சமிருப்பது பொறுமைதான். வானொலியில் ஐந்து விநாடி மௌனம் விழுந்தாலே பதறிப்போகும் தொழில் என்னுடையது. ஆறு மாத மௌனத்தைச் செடியின் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் காத்திருப்பவர்களை வியந்துதான் பார்த்தேன்.

கணக்கு முடிந்தபோது

நான் கிளம்புவதற்குள் ஃபுஷியாவின் அடியில் சிவப்புத் தளிர்கள் வந்துவிட்டன. பே மரத்தின் தடித்த கிளைகளில் பச்சை தெரிந்தது. மே கடைசியில் ஒரு ஹீபி அடியிலிருந்து தளிர்த்ததாகப் படம் வந்தது. ஜூன் மூன்றாம் வாரம், வெட்டிவிட்ட கோர்டிலைன் கட்டைக்குப் பக்கத்தில் மண்ணைக் கிழித்துக்கொண்டு இரண்டு வாள்முனைகள்.

ரோஸ்மேரி வரவில்லை. இன்னொரு ஹீபியும் வரவில்லை. சியனோதஸை அத்தை ஜூலை வரை விட்டுவைத்தார். வாரம் ஒரு முறை சுரண்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அடிமரம் வரைக்கும் பழுப்பு. அந்தச் செடியின் ஆயுளே பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். அதைச் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று தொலைபேசியில் ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. ஆனா பாக்காம வெட்டல, இல்லையா? அது போதும்" என்றார்.

மண் இன்னும் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் அக்டோபர் மாதம் புதுச்செடி நட ஏற்ற காலம். பழைய குழியிலிருந்து சற்றுத் தள்ளி அத்தை ஓர் அமெலாஞ்சியர் கன்றை நட்டார். வசந்தத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் செந்நிற இலை. அட்டையில் எச்7 என்று இருப்பதைப் பார்த்துத்தான் வாங்கினாராம். "இனிமே ராத்திரியில எழுந்துபோய் எதையும் போத்திவிட என்னால முடியாது. தானாத் தாங்குற செடியா ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.