உருபைப் பார், கயல்

தென்காசி
14.7.2024

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். அண்ணி உன் கணக்குத் தாளைப் போனில் அனுப்பியிருந்தார்கள். கூடவே "எல்லாம் கவனக்குறைவு" என்று ஒரு புகாரும். இரண்டு தடவை பார்த்தேன். கவனமாகத்தான் எழுதியிருக்கிறாய். தப்பிய மூன்று கணக்குக்கும் காரணம் ஒன்றே: கண் போன வரிசையிலேயே கையும் போயிருக்கிறது.

தெரியாத எண்ணுக்கு நான் 'எ' என்று போடுகிறேன். சிரிக்காதே. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் யா, கா, நீ என்று எழுத்துகளைப் போட்டுத்தான் பீஜகணிதம் செய்தார்.

"7-ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க." நீ எழுதியது 7 – எ. "பூனை கயலைப் பிறாண்டியது", "கயலைப் பூனை பிறாண்டியது" எப்படிச் சொன்னாலும் பிறாண்டல் வாங்கியது நீதானே? அதைக் காட்டிக்கொடுப்பது 'ஐ' என்ற வேற்றுமை உருபு. இங்கேயும் 'ஐ' ஒட்டிய 7 கழிகிறது; 'இலிருந்து' ஒட்டியது முதலில் நிற்கிறது. எ – 7.

"ஓர் எண்ணால் 12-ஐ வகுக்க." 'ஐ' ஒட்டிய 12 மேலே, 'ஆல்' ஒட்டிய எண் கீழே. 12/எ. நீ தலைகீழாக்கிவிட்டாய்.

"ஓர் எண்ணுடன் 4-ஐக் கூட்டி, 3-ஆல் பெருக்க." நீ எ + 4 × 3 என்று போட்டால் பெருக்கல் 4-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். "குளித்துச் சாப்பிட்டாள்" என்றால் குளியல் முடிந்த பிறகுதான் சாப்பாடு. 'கூட்டி' என்ற வினையெச்சமும் அப்படி. கூட்டல் முடிந்ததற்கு அடையாளம் அடைப்புக்குறி. 3(எ + 4). "ஓர் எண்ணின் 3 மடங்குடன் 4-ஐக் கூட்ட" என்றிருந்தால் 3எ + 4.

சந்தேகம் வந்தால் 'எ'-க்குப் பதில் 10 போட்டுப் பார். 7-ஐ 10-லிருந்து எடுத்தால் 3 மிஞ்ச வேண்டும். உன் விடையில் 3 கடன் அல்லவா வருகிறது!

தமிழ் வகுப்பில் வேற்றுமை உருபு நடத்தும்போது தூக்கம் வருகிறது என்றாயே, இனி விழித்திரு. அங்கே கணக்கும் நடக்கிறது.

உன் வயதை இரண்டு மடங்காக்கி 18-ஐக் கூட்டினால் என் வயது. உன் வயதை 'எ' என்று வைத்துக் கோவையாக எழுதி அனுப்பு. விடையை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சித்தப்பா