பக்கவாட்டுப் படம்

ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரத்தில் புறப்படும் கடற்கரை வண்டி. கூட்டமில்லை. ஆனாலும் அந்த அப்பாவும் பையனும் என்னை ஒட்டி வந்துதான் உட்கார்ந்தார்கள்; காற்று வருவது இந்தப் பக்கம். அப்பாவுக்கு நாற்பது இருக்கும். மடியில் ஒரு கட்டைப்பை, அதிலிருந்து எலுமிச்சை சாத வாசனை. பையனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. ஒன்பதாவது படிப்பான். கையில் அப்பாவின் போன்.

"இதான்பா. பாரு."

நானும் பார்த்தேன். தப்புதான். ஆனால் மின்சார ரயிலில் பக்கத்து ஆளின் போன் பாதி நமக்கும் சொந்தம்.

வெள்ளைப் பின்னணியில் ஓர் ஏர் ரைஃபிள். பழுப்பு நிறக் கட்டை, கறுப்புக் குழல். பையன் இரண்டு விரலால் படத்தை விரித்தான். மரத்தின் ரேகை தெரிந்தது. இன்னும் விரித்தான். டிரிக்கரின் வளைவில் விளக்கொளி ஒரு கோடாக மின்னியது. அடுத்த படம், அடுத்த படம் என்று தள்ளிக்கொண்டே போனான். இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து, பெட்டியோடு. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை எடுத்ததுபோல எல்லாக் கோணத்திலும் எடுத்திருந்தார்கள். நேர் எதிரே நின்று எடுத்த படம் மட்டும் இல்லை. குழலின் வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி ஒன்றுகூட.

ரூ.9,999-ஐ அடித்துவிட்டு ரூ.8,499 என்று போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை எழுத்தில் 15 சதவீதத் தள்ளுபடி. இன்னும் இரண்டுதான் இருப்பில் இருக்கிறதாம். கீழே, 'சேர்த்து வாங்குபவை': ஒரு டப்பா ஈயக் குண்டு, உறை, எண்ணெய், வட்டம் வட்டமாகப் போட்ட காகித அட்டை. மிக்ஸி வாங்கினால் கூடவே ஜார் காட்டுவார்களே, அப்படி.

சானடோரியம் போய்விட்டது.

"லைசென்ஸ் வேணாம்னு போட்டிருக்கான்பா."

"போலீஸ் ஒண்ணும் கேக்காதா?"

"இருபது ஜூலுக்குக் கீழப்பா. கேக்க மாட்டாங்க."

பையன் சொன்னது சரி. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமல், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. சட்டப் புத்தகத்தில் விதிவிலக்காக இருந்த வரி, கடையில் சிவப்புப் பட்டையில் விளம்பரமாக நிற்கிறது.

"பதினெட்டு வயசு ஆகணும்னு இருக்கேடா?"

"உன் ஆதாரை ஏத்தினா போதும்."

அப்பா சிரித்தார். மறுப்பா சம்மதமா என்று தெரியாத சிரிப்பு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிஜத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் இந்தச் சுலபம் கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கியாக வேண்டும். ஆனால் அலங்கரித்துக் காட்டுகிற வித்தை அங்கும் உண்டு. 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, விலை ரூ.1,22,360. அதை வைத்துக் கொடுத்தது மெரூன் நிற நகைப் பெட்டியில். பெண்களுக்கு நகை பிடிக்கும் அல்லவா என்பது அவர்கள் கணக்கு. டெல்லியில் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வைத்த பெயர் அது. அதை வெல்வெட்டில் படுக்க வைக்க யாருக்குத் தோன்றியதோ!

அமெரிக்காவில் இந்த வியாபாரம் இணையத்துக்கு முன்பே தபாலில் நடந்தது. கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, கூப்பனை வெட்டி அனுப்பி வாங்கியதுதான். குறிபார்க்கும் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர், தபால் செலவு தனி. 1968-இல் அப்படி வீட்டுக்கு அனுப்புவதைச் சட்டம் தடுத்தது. இப்போது இணையத்தில் பணம் கட்டினாலும் துப்பாக்கி உள்ளூர் உரிமக் கடைக்குத்தான் வரும். அங்கே போய், பின்னணி விசாரணை முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும்.

பல்லாவரம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் இங்கே சந்தை. அந்தச் சந்தையில் பழைய ஃபேன் விற்பவர்கூட, "சத்தம் வரும் சார், எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பையன் இப்போது வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான். ஐந்து நட்சத்திரம்: பேக்கிங் அருமை. ஐந்து நட்சத்திரம்: இரண்டே நாளில் வந்துவிட்டது. மூன்று நட்சத்திரம்: உறையில் ஜிப் சரியில்லை.

"ஒலிம்பிக்ல மனு பாக்கர் மெடல் வாங்கினாங்கல்ல? அதே 4.5 எம்.எம். தான்பா."

அதுவும் சரி. ஆனால் அந்தப் பெண் சுட்டது அதற்கென்று கட்டிய கூடத்தில், பத்து மீட்டர் தள்ளியிருந்த இலக்கை. அவருக்குப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். சென்னையிலும் ரைஃபிள் கிளப் இருக்கிறது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பெரியவர்களை எனக்கே பிடிக்காது. மூடிக்கொண்டேன்.

சின்ன வயதில் சேலையூர் ஏரிக்கரையில் ஏர் கன்னோடு திரிந்த ஒரு அண்ணன் நினைவுக்கு வந்தார். அவர் காகித அட்டையைச் சுட்டு நான் பார்த்ததில்லை. சைக்கிள் ஹாண்டிலில் கொக்கு தலைகீழாகத் தொங்கும். 1972-லேயே வன உயிரினச் சட்டம் வந்துவிட்டது. கொக்குக்கு அது தெரியாது, அவருக்கும் தெரியாது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல், பறவைகளைக் காப்பாற்றுவதற்கென்றே ஏர் கன்னை ஒப்படைக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். ஊர் ஊராக ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தப் பையனின் திரையில் ஒரு கொக்கும் இல்லை, குருவியும் இல்லை. வட்டங்கள்தான்.

பழவந்தாங்கல் தாண்டியதும் அப்பா முதல்முறையாகப் போனைத் தன் கையில் வாங்கினார். தூர நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கடா வெச்சு சுடுவே?"

"மொட்டை மாடியில."

"குண்டு எவ்ளோ தூரம் போகும்?"

பையன் போனை வாங்கித் தேடினான். எடை இருந்தது. நீளம் இருந்தது. வேகம், வினாடிக்கு 800 அடி. கட்டை எந்த மரம் என்றுகூட இருந்தது. மேலே போனான், கீழே வந்தான்.

"அதைப் போடலப்பா."

"எதிர் மாடியில அந்தப் பாட்டி வத்தல் காயப்போடுமே, அது நம்ம மாடிக்கு எவ்ளோ தூரம்டா?"

பையன் பதில் சொல்லவில்லை. படத்துக்கு மேலிருந்த இதயக் குறியை மட்டும் தொட்டான். அது சிவப்பானது.

பரங்கிமலை. அடுத்து கிண்டி. அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கட்டைப்பையைத் தூக்கினார். பாம்புப் பண்ணைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

அந்தக் குண்டு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும்.