அப்பாவும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

மோட்டார் வாகனத் தொழிலின் பெயரைச் சொல்லிச் சென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்வது வழக்கம். அதில் நியாயமும் உண்டு. 1964-ல் மறைந்த அமால்கமேஷன்ஸ் அனந்தராமகிருஷ்ணன் காலத்திலேயே இந்நகரம் பிஸ்டனும் பேட்டரியும் டிராக்டரும் செய்யத் தொடங்கிவிட்டது. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கே உருவாகி ஓடியது. ஆயினும் இந்த ஊரின் படித்த வர்க்கம், பானட்டைத் திறந்து வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு தன் இயந்திர ஞானத்தை நிறுத்திக்கொண்டது. நானும் அவ்வர்க்கத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் பிறப்பால் அல்ல.

என் தந்தையார் கிண்டித் தொழிற்பேட்டையில் லேத்து வேலை பார்த்தவர். 1958-ல் தொடங்கப்பட்ட அத்தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த ஒரே சாலையில்தான் சைக்கிளிலும் பின்னர் பேருந்திலும் போய் வந்தார். அவருடைய இடக்கைச் சுட்டுவிரலின் நுனி இல்லை. எப்படிப் போயிற்று என்று சிறுவயதில் கேட்டபோது, "பட்டறையில போச்சு" என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பேனர்கள் இருந்தன. அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. சைக்கிள் செயின் கழன்றால்கூட அவரே மாட்டுவார். "நீ போய்ப் படி" என்பதே எங்கள் வீட்டின் தாரக மந்திரம். நானும் படித்தேன். தமிழ் முதுகலை, பிறகு கல்லூரி ஆசிரியப் பணி, மந்தைவெளியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு.

2003-ல் நாங்கள் வாங்கியது வெள்ளை நிற மாருதி 800. முன்பணத்தில் பெரும்பகுதி அப்பாவின் பணிக்கொடை. 1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. புகை விதிகள் இறுகியதால் 2010 ஏப்ரலிலேயே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டி மட்டும் 2018-ல் ஒருமுறை, 2023-ல் ஒருமுறை எனப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடியது. 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் அறுநூறு ரூபாயிலிருந்து ஐயாயிரமாக உயர்ந்ததை நண்பர்கள் அறிந்திருக்கலாம். அந்த ஐயாயிரத்தைக் கட்டியபோதே வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி, "இன்னும் எதுக்குண்ணா அந்த டப்பா?" என்றான். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கண்தான் கிளாக்கோமாவால் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

2023 மார்கழியில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், மந்தைவெளிப் பக்கமெல்லாம் தகரத் தடுப்புகள் வைத்துச் சாலையைச் சுருக்கியிருந்தார்கள். ஆர்.கே. மடம் சாலையில் ஒரு மைல் போவதற்குள் நாற்பது முறை ஹாஃப் கிளட்சில் நின்று நகர வேண்டும். தட்டையான ஊர் சென்னை. இங்கே கிளட்சைத் தின்பது மேடு அல்ல, நெரிசல். பிறகு தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து மேலேறும்போது, இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம். பின்னிருக்கையிலிருந்து அப்பா, "பிளேட் போச்சுடா" என்றார்.

பல ஆண்டுகள் எங்கள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் கொரோனாக் காலத்தில் ஷெட்டை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வேறொரு பணிமனையில், கியர்பாக்ஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியின் விலையில் பாதி அது. இன்னோரிடத்தில், "சார், இதைக் கழிச்சுக்கட்டிடுங்க" என்று நேரடியாகவே சொன்னார்கள். தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னான். நானும் ஏறக்குறைய இசைந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் அப்பா, "நாமே இறக்கிடலாம்" என்றார். ஸ்பேனர் பெட்டியைத் தொடவிடாத மனிதர்.

கிளட்ச் என்றால் என்ன என்பதை நான் அறிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். இன்ஜின் நிற்காமல் சுழல்கிறது. சக்கரமோ நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், அதன்மேல் திருகப்பட்ட பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு வட்டத்தட்டு நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அத்தட்டின் நடுத்துளையில் உள்ள பற்களில் கியர்பாக்ஸின் தண்டு நுழைந்திருக்கும். நெருக்கம் இருக்கும்வரை மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். காலால் மிதித்தால் கேபிள் இழுக்க, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் நடுவிரல்களை அழுத்த, நெருக்கம் தளர்ந்து தட்டு விடுபடும். மறுபடி காலை எடுக்கும்போது, உராய்ந்து உராய்ந்துதான் சேரும். அந்தச் சிறுபொழுது உராய்வில்தான் தேய்மானம் முழுவதும். புணரியல் நடத்துபவனுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. நம்மிடம் உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளாமல் நடுவே வந்து நிற்க உடம்படுமெய் உண்டு; அது தேய்வதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. கலைச்சொல் ஆக்குவோர் கிளட்சுக்கு 'உரசிணைப்பி' என்றொரு சொல் தந்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் புதுப்பேட்டைக் கடையில் போய் உரசிணைப்பி கேட்க எனக்குத் துணிவில்லை. "எண்ணூறு, கிளட்ச் செட்" என்றேன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கைக்கு வந்தன.

2024 போகி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்குக் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் டார்ச் பிடிக்க வந்தாள். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது என்று இருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனார். மயிலாப்பூர்ப் பக்கத்தில் எந்த வேலைக்கும் பார்வையாளர்களுக்குப் பஞ்சமில்லை. பத்து மணிக்குள் நான்கு பெரியவர்கள் கைகட்டி நின்று ஆலோசனை வழங்கினார்கள்; அவர்களில் எவரும் ஸ்பேனர் பிடித்தவராகத் தெரியவில்லை.

அப்பாவின் முதல் கட்டளை ஜாக்கியை நம்பாதே என்பது. முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கழற்றிய சக்கரங்களையும் வண்டியடியில் படுக்க வைத்த பிறகே என்னை உள்ளே நுழையவிட்டார். பேட்டரி இணைப்பு, கியர் ஆயில், ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், கியர் ராடு, இருபக்க ஆக்சில் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. கழற்றிய போல்ட்டுகளை என் மகள் அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தாள். துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. "முறுக்காதே. தட்டு. எண்ணெய் விடு. டீ குடிச்சிட்டு வா" என்றார் அப்பா. டீ குடித்துவிட்டு வந்தபோது அது கழன்றது. இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, மவுண்டிங்கை விடுவித்து, கியர்பாக்ஸை நெஞ்சுக்கு மேலாக இறக்கினோம். காவலாளி ஒரு கை கொடுத்திராவிட்டால் அது நடந்திருக்காது. "ஹெரால்டா இருந்தா காருக்குள்ள உட்கார்ந்தே கியர்பாக்ஸை எடுத்திருக்கலாம்" என்று அப்பா நடுவில் ஒருமுறை ஏக்கத்தோடு சொன்னார். உண்மைதான், அந்த வண்டியில் உள்ளே மூடியைக் கழற்றினால் போதும்.

பழைய தட்டு வெளியே வந்ததும் என் மகள் தூசியை ஊதப் போனாள். "ஊதாதே பாப்பா!" என்று அவர் கத்தியது மாடிவரை கேட்டிருக்கும். பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும்; ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். துடைத்து அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தடவினார். ரிவெட் தலைகள் உராய்வுப்பட்டையின் மேற்பரப்போடு ஒன்றாகிவிட்டிருந்தன. குறைந்தது அரை மில்லிமீட்டராவது உள்ளடங்கி இருக்க வேண்டும். "இங்க ஒரு பக்கம் அதிகமா தேஞ்சிருக்கு, பாரு" என்றார். நான் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் தன் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெர்னியரால் அளந்தாள். அவர் சொன்ன பக்கந்தான்.

அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் பேசினார். எவரும் கேட்கவில்லை. பட்டறையில் ஒருநாள் லேத்துக்காரர்களையும் பிரஸ்ஸில் உட்கார வைத்தார்களாம். காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மணிக்குக் கூடுதலாகச் சில உருப்படிகள் விழும். மேஸ்திரி கழற்றச் சொன்னார், கழற்றினார். அப்போது எனக்கு வயது மூன்று. "ரத்தத்தைப் பார்த்துப் பயப்படல. கூலியில புடிப்பானேன்னுதான் பயம்" என்றார். பார்வையாளப் பெரியவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள்.

சங்கப் புலவர் பெயர்களை வகுப்பில் நடத்தும்போது நான் எப்போதும் ஒன்றைச் சொல்வேன். தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று அவர்களின் தொழில் பெயரோடு ஒட்டியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பேன். மாணவர்களும் குறித்துக்கொள்வார்கள். ஆனால் இருபதாண்டுகளாக இதை நடத்துகிற நான், கல்லூரிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'ஓய்வு' என்றே எழுதி வந்திருக்கிறேன்.

பொங்கலன்று வேலை கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று மாட்டினோம். ஃபிளைவீலில் வெப்பம் பட்ட நீலத் தழும்புகள் இல்லாதது நல்லகாலம். புதிய தட்டை நடுமையத்தில் நிறுத்தாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டு நுழையாது. அதற்கென ஒரு கருவி கடையில் கிடைக்கும். அப்பா அதை வாங்கவிடவில்லை. துடைப்பக்கட்டையை அரத்தால் சீவி, முந்தைய இரவே ஒரு முளை செய்து வைத்திருந்தார், கண் தெரியாமல். அதைச் செருகிய பின், என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியருகே வந்து குனிந்து, விளிம்பைச் சுற்றி விரலோட்டினார். "இன்னும் கொஞ்சம் மேல" என்றார். நகர்த்தினேன். "போதும். இப்ப எதிரெதிரா முடுக்கு. ஒரே மூச்சுல ஒண்ணை முடுக்காத." ஆறு போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக எதிரெதிராக முடுக்கினேன்.

கியர்பாக்ஸ் இருமுறை மறுத்தது. "கிராங்க் புல்லியைக் கால் திருப்பு திருப்பும்மா" என்று பேத்தியிடம் சொன்னார். அவள் திருப்பினாள். உள்ளே 'களக்' என்றொரு ஓசை. என் நெஞ்சின் மேலிருந்த பாரம் குறைந்து கியர்பாக்ஸ் தானாக உள்ளே சென்று அமர்ந்தது. அந்த ஓசையைக் கேட்டதும் அவர் கைதட்டினார்.

மாலை ஆறு மணிக்கு ஆயில் ஊற்றி, கேபிளின் தளர்வைச் சரிசெய்து, மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம்வரை போய் வந்தோம். பெடல் புதிதாகவும் சற்றே உயரத்திலும் பிடிக்கிறது. பழகச் சில நாள் ஆகும். திரும்பி வந்ததும் தேங்காயெண்ணெயும் சோப்புத்தூளும் குழைத்து, என் இரு கைகளையும் வாங்கித் தேய்த்துவிட்டார் அப்பா. நகத்தடியில் இருந்தது மட்டும் போகவில்லை. தகரப் பெட்டியின் சாவி இப்போது என் மகளிடம் இருக்கிறது. பின்சக்கர பிரேக் ஷூவை எப்போது பார்ப்பது என்று தாத்தாவும் பேத்தியும் தேதி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.