டிக்கியில் ஒரு கேன்

முகையூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் 24 வருஷமாக ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967 மாடல்.

2001-ல் அப்பாவுக்குக் கண் மங்கியது. சாவியை ஆணியில் மாட்டினவர், அப்புறம் எடுக்கவே இல்லை. 2004-ல் அவரும் போய்விட்டார். காரில் கோழி அடைகாத்தது. பசங்கள் ஒளிந்து விளையாடினார்கள். ஒரு மழைக்காலம் பூரா சாரைப்பாம்பு ஒன்று குடித்தனம் நடத்தியது. ''இத்த தள்ளிவுட்டா நாலு மூட்டை மல்லாட்டை அடுக்கலாமேடா'' என்பாள் அம்மா. சொல்வாளே தவிர, காயலான் கடைக்காரர் படியேறினால், ''ஊட்டுல ஆம்பள இல்ல'' என்று விரட்டிவிடுவாள்.

இந்தக் கார் நம்ம ஊர்ச் சரக்கு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வரைந்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலிக்காரர். இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்று வந்ததை, 1961-லிருந்து சென்னையை ஒட்டின வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். அதை வேடிக்கை பார்க்கவே எங்கள் தெருவில் கூட்டம் கூடும்.

போன பொங்கலுக்கு அம்மாவே, ''உங்கப்பன் வண்டிய ஓட வையேன்டா'' என்றாள். அவளுக்கு 84 வயசு. தள்ளிப்போட முடியுமா? விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். காரைச் சுற்றி வந்து, ஆணியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். ''தரைத்தகடு போச்சு. சேஸிஸ் நல்லாருக்கு. இதுல பாடி தனி, சேஸிஸ் தனி. பொழைச்சுக்கும்'' என்றார். ஐ.சி.யூ. டாக்டர் சொன்ன மாதிரி இருந்தது.

ஆர்.சி. புக் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. 50 வருஷம் தாண்டின வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிசாகக் கை வைத்திருக்கக் கூடாது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால், தினம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றால் சரி.

மீட்பு லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. மெயின் ரோடு வரை இழுக்க டிராக்டரோடு வந்தான் 'காரு'. அது அவன் பட்டப்பேர். 1979-ல், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இந்தக் காரின் பின்சீட்டில் பிறந்தவன்.

''ஏங்கிட்ட பேட்டரி இருக்குண்ணே. ஒரு தபா சாவி போட்டுப் பாக்கலாமா?'' என்றான்.

பாய் பதறிவிட்டார். ''கை வைக்காதீங்க! ரிங்கெல்லாம் சிலிண்டரோட ஒட்டிக்கெடக்கும். பிளக்கைக் கழட்டி எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறப்போட்டு, அப்புறம் கையாலதான் சுத்திப் பாக்கணும். டேங்குல இருக்கறது பெட்ரோல் இல்ல, பிசின்.''

சக்கரங்கள் மண்ணில் புதைந்திருந்தன. மண்ணைத் தோண்டி, பலகை போட்டு ஜாக்கி ஏற்றினோம். பிரேக் டிரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. பாய் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டி விடுவித்தார். காரு பெல்ட்டை பம்பரில் கட்டப் போனான். ''அங்க கட்டுனா பம்பர் உங்களோட வரும், காரு இங்கயே நிக்கும். சேஸிஸ்ல கட்டுங்க!''

கடைசியாக டிக்கியை நெம்பித் திறந்தார்கள். உள்ளே ஸ்டெப்னி, எலிக்கூடு, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன்.

எனக்குக் கை கால் ஓடவில்லை.

1979-ல் எனக்கு 16 வயசு. அப்பா மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்து, சாவியைத் திருடி, திருக்கோவிலூர் ரோட்டில் போய் வந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு ராத்திரிதான் தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு வலி. அப்பா காரை எடுத்தார். அரகண்டநல்லூருக்கு முன்னாலேயே பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கூட வந்த மருத்துவச்சி இருட்டில் பிரசவம் பார்த்தாள். பிள்ளை பிழைத்தது. அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. வந்த மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். பிழைத்ததே மறுபிறப்பு. அப்புறம் அந்த அக்காவுக்குக் குழந்தையே இல்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் இந்தக் கேனை வாங்கி, பெட்ரோல் நிரப்பி டிக்கியில் வைத்தார். அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

கேன் இப்போது காலி. அத்தனையும் ஆவியாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, 46 வருஷமாக யாரிடமும் சொல்லாததைக் காருவிடம் சொன்னேன். அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

''உங்கப்பா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கம்மா கைய புடிச்சுக்கிட்டு அழுதாராம்ணே. 'நாந்தான் பெட்ரோல் பாக்காம வந்துட்டேன், மன்னிச்சுக்கம்மா'ன்னு. எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிச்சு... 'அந்த மாதிரி மனுசன பாக்க முடியாது'ன்னு.''

நான் கேனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காரு டிராக்டரில் ஏறி, ''நவுருங்கண்ணே, நேரமாவுது'' என்றான். அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பெல்ட் விறைத்தது. கார் ஒரு முனகலோடு அசைந்து, வேப்பமரத்தடியை விட்டு நகர்ந்தது. அது நின்ற இடத்தில் புல் முளைக்காத வெள்ளைத் தரை. அம்மா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள்.

லாரியில் ஏற்றிக் கட்டியதும் பாய் கேட்டார்... ''அந்தக் கேனைத் தூக்கிப் போட்டுரலாமா சார்?''

''வேணாம் பாய். வண்டி ரெடியாகி வர்றப்போ அதுல பெட்ரோல் புடிச்சு வையுங்க'' என்றேன்.