வரி ஜாஸ்தி, வரவு கம்மி

அமெரிக்காவுல பள்ளிக்கூடச் செலவுல கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலேருந்து வருது. இதுல என்ன வம்புங்கறீங்களா? டெக்சாஸ்ல சான் அன்டோனியோ நகரத்தைப் பாருங்க.

1967-68ல அங்கே எட்ஜ்வுட் பள்ளி வட்டாரத்துல 90 சதவீதம் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைங்க. அதே ஊர்ல ஆலமோ ஹைட்ஸ், வசதியான வெள்ளைக்காரங்க பகுதி. நூறு டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட்காரங்க கட்டினது 1.05 டாலர், ஆலமோ ஹைட்ஸ்ல 0.85தான். ஆனா மாநிலத் திட்டத்துக்குக் கட்டினது போக ஒரு பிள்ளைக்கு மிஞ்சினது எட்ஜ்வுட்ல 26 டாலர், ஆலமோ ஹைட்ஸ்ல 333! எட்ஜ்வுட் வாத்தியாருங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் முழுத் தகுதி இல்லாதவங்க. மார்க் மட்டும் எங்கேருந்து வரும்?

பெத்தவங்க கேஸ் போட்டாங்க. 1973ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4ன்னு கைவிரிச்சிடுச்சு. 1989ல டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துல எட்ஜ்வுட் ஜெயிச்சுது. பணக்கார வட்டாரத்து வரியைப் பகிர்ந்துக்கற சட்டம் வந்தது 1993ல. அதுக்குள்ள 68ல ஒண்ணாப்பு படிச்ச பிள்ளையோட பிள்ளையே ஒண்ணாப்புக்கு வந்திருக்கும்.